நம்பி ஒப்படைப்பது ஊர்ப் பொறுப்பு

கொடைக்கானல் மலைச்சாலையில் வெள்ளி நீர்வீழ்ச்சியைத் தாண்டி மேலேறினால் செண்பகனூர் வரும். ஏரியைப் பார்க்கும் அவசரத்தில் பெரும்பாலான வண்டிகள் இந்த ஊரில் நிற்பதில்லை. நிற்கிற சிலரும் திரு இருதயக் கல்லூரியின் இயற்கை அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பாடம் செய்த விலங்குகள், பறவைகள், ஊசியில் குத்திய வண்டுகள், வண்ணத்துப்பூச்சிகள், மலைவாழ் மக்களின் பழம்பொருட்கள் என்று கண்ணாடிப் பெட்டிகளை வரிசையாகப் பார்க்கிறார்கள். இவற்றைச் சேகரிக்கும் கண்ணும் கையும் அந்த மனிதர்களுக்கு எப்படி வாய்த்தன என்ற கேள்வி மட்டும் அங்கே எழுவதில்லை. இன்று நம் ஊர்களுக்கு மிகவும் வேண்டிய கேள்வி அதுதான்.

சேசு சபையினர் 1895-ல் தொடங்கிய கல்லூரி இது. குருமாணவர்கள் மெய்யியல் படிக்க வந்த இடம். செடி பறிப்பதும் பாசி பார்ப்பதும் குருத்துவப் படிப்புக்குக் கட்டாயமில்லை. ஆனாலும் பாதர் ஆங்லேட் பழனி மலையின் செடிகொடிகளை நீர்வண்ணத்தில் வரைந்து குவித்தார். பாதர் ஃபோரோ பாசிகளைத் தேடி அலைந்தார்; இம்மலைகளின் பாசித் தாவரங்கள் பற்றிய அவரது பட்டியல் 1961-ல் வெளிவந்தது. மலையெங்கும் கிடக்கும் கற்திட்டைகளைப் பற்றி ஆங்லேடும் நியூட்டனும் எழுதிய ஆய்வை இந்தியத் தொல்லியல் துறை 1928-ல் நூலாக வெளியிட்டது. பாடத்திட்டத்துக்கு வெளியே ஓர் இளைஞனுக்கு ஆர்வம் வந்தால், ‘உனக்கெதற்கு இந்த வேலை’ என்று தடுக்காத சூழல் இருந்தால்தான் இப்படிப்பட்டவர்கள் ஒரே இடத்தில் அடுத்தடுத்து வர முடியும்.

இந்தச் சூழலின் பலன் பாதர் கே.எம். மேத்யூவிடம் (1930–2004) முழுமையாகத் தெரிகிறது. கொடைக்கானலில் வேரூன்றிய அயல்நாட்டுத் தாவரங்களைப் பற்றிய அவரது ஆய்வு 1969-ல் வெளிவந்தது. பழனி மலைத் தாவரங்கள் பற்றிய பெருநூல் மூன்று பாகங்களாக முடிந்தது 1999-ல். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் தமிழகச் சமவெளித் தாவரங்கள் குறித்தும் பல தொகுதிகள் வந்தன. தனி மனிதர் ஒருவர் செய்து முடிக்கக் கூடிய வேலை இல்லை இது. திருச்சி புனித வளனார் கல்லூரியில் 1967-ல் அவர் நிறுவிய உலர்தாவரக் காப்பகமான ஹெர்பேரியத்தில் இளம் ஆய்வாளர்கள் சேர்ந்தார்கள், காடு மேடெல்லாம் அலைந்து மாதிரிகள் கொண்டுவந்தார்கள், நூல்களிலும் பங்களித்தார்கள். அந்த ஹெர்பேரியத்துக்கு மேத்யூ தன் பெயரை வைத்துக்கொள்ளவில்லை. அதே கல்லூரியில் தமக்கு முன் தாவரவியல் கற்பித்த பாதர் ராபினாட்டின் பெயரை வைத்தார். செண்பகனூரில் அமைத்த இயற்கை ஆய்வு நிலையத்துக்கு ஆங்லேட் பெயர். மேத்யூவுக்குப் பின் ஹெர்பேரியத்தின் பொறுப்பைப் பாதர் ஜான் பிரிட்டோ ஏற்றார். தமக்கு முன் இருந்தவரை மறக்காமல், தமக்குப் பின் வருபவரையும் உருவாக்கிய மனிதர்கள் இருந்ததால்தான் அந்த வேலை நிற்கவில்லை.

ஹெர்பேரியத் தாள் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் இதன் சூட்சுமம் புரியும். பூவும் இலையும் உள்ள கிளையை நறுக்கிச் செய்தித்தாள் மடிப்புக்குள் வைக்க வேண்டும். இலையில் ஒன்றாவது அடிப்பக்கம் தெரியும்படி திருப்பிவைக்க வேண்டும். இரண்டு பலகைக்கு நடுவே வைத்து வாரால் இறுக்கிக் கட்ட வேண்டும். மலையில் பனியும் ஈரமும் அதிகம். தாளை உடனுக்குடன் மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். காய்ந்த பிறகு கெட்டித்தாளில் ஒட்டி, வலது கீழ்மூலையில் ஒரு சீட்டு ஒட்டுவார்கள். செடியின் பெயர், இடம், உயரம், தேதி. அதோடு பறித்தவரின் பெயர், அவருடைய வரிசை எண். உலகில் எந்த ஹெர்பேரியத்திலும் இதுதான் வழக்கம். நேற்று வந்த மாணவர் பறித்திருந்தாலும் அவர் பெயர்தான் அந்தச் சீட்டில் நிற்கும். நூறு ஆண்டு கழித்து எந்த நாட்டு அறிஞர் அந்தத் தாளைப் புரட்டினாலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் மேற்கோள் காட்டுவார்.

ஒருவரை நம்புவது என்றால் இதுதான். தோளில் தட்டி ‘நீ பெரிய ஆளாக வருவாய்’ என்று சொல்வது எளிது. உண்மையான வேலை ஒன்றை அவர் கையில் கொடுத்து, அதைச் செய்யும் முறையைச் சொல்லிக்கொடுத்து, பிழை வந்தால் உடனிருந்து திருத்தி, முடிந்த வேலையில் அவர் பெயரைப் போடுவது கடினம். முன்னது வாழ்த்து. பின்னது வழிகாட்டுதல். நம் ஊர்களில் வாழ்த்துக்குக் குறைவில்லை.

செண்பகனூருக்கு மேலே, கொடைக்கானல் வானாய்வகத்திலும் இதே பாடம் இருக்கிறது. வானியலாளர் வைணு பாப்பு ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, 1949-ல் ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். அதற்கு பாப்பு–போக்–நியூகிர்க் என்று பெயர். பார்ட் போக் அங்கே பேராசிரியர்; ஆனால் மாணவர் பெயர்தான் முதலில் நிற்கிறது. அதே பாப்பு 1960-ல், 32 வயதில், கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநராக வந்தார். பெரிய தொலைநோக்கி வேண்டும் என்றால் வெளிநாட்டில் வாங்க வேண்டும் என்ற காலம் அது. அவரோ இங்கேயே செய்து பார்க்கலாம் என்றார். கொடைக்கானலில் உருவான 38 செ.மீ. தொலைநோக்கி, ஜவ்வாது மலையில் உள்ள காவலூருக்குப் போய் 1968-ல் வானைப் பார்க்கத் தொடங்கியது. அந்தச் சின்ன வேலையில் கை பழகியவர்களை நம்பித்தான் 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் திட்டமிட்டார். 1982-ல் அவர் மறைந்தார். தொலைநோக்கி அப்போது முடியவில்லை. அவர் இல்லாமலே, அவர் உருவாக்கிய ஆட்கள் அதை முடித்தார்கள். 1986-ல் அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. தான் இல்லாத நாளிலும் வேலை நடக்கிறதா என்பதுதான் வழிகாட்டிக்குக் கிடைக்கும் கடைசி மதிப்பெண்.

இது ஆய்வகங்களுக்கும் துறவிகளுக்கும் மட்டும் உரிய பண்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். தமிழுக்கு உ.வே. சாமிநாதையர் கிடைத்த கதையும் இதுதான். அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பொருள் எதிர்பாராமல் பாடம் சொன்னவர். சாதி, சமயம் பாராமல் மாணவர்களை ஏற்றவர். நாகூர் குலாம் காதிறு நாவலரும் அவரிடம் படித்தவர்தாம். 1876-ல் பிள்ளை மறைந்தபோது சாமிநாதையருக்கு வயது 20. அதன்பின் அவரைத் திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகர் தாங்கினார். கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்த தியாகராச செட்டியாரும் பிள்ளையிடம் படித்தவர், மூத்தவர். 1880-ல் ஓய்வுபெறும் நேரத்தில் தம் இடத்துக்குச் சாமிநாதையரே தகுந்தவர் என்று வற்புறுத்தினார். தேசிகரும், தமக்கு வேண்டிய மனிதர் என்று கையில் பிடித்துவைக்காமல் அனுப்பிவைத்தார். அந்தக் கும்பகோணத்தில்தான் சேலம் இராமசுவாமி முதலியாரின் சந்திப்பு நேர்ந்தது; சீவக சிந்தாமணி பக்கம் அவர் கவனம் திரும்பியது; 1887-ல் பதிப்பு வந்தது. ஒருவர் கற்பித்தார், ஒருவர் தாங்கினார், ஒருவர் இடம் கொடுத்தார், ஒருவர் திசை காட்டினார். நாலு பேரில் ஒருவர் தவறியிருந்தாலும் ஏடுகள் எத்தனை ஆண்டு பரணில் கிடந்திருக்குமோ தெரியாது.

கணிதமேதை இராமானுஜன் வாழ்விலும் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டி கடைசியில்தான் வருகிறார். அதற்கு முன் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. இராமசுவாமி ஐயர், நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ், சென்னைத் துறைமுகக் கழகத்தின் நாராயண ஐயர் என்று வரிசையாகப் பலர் இருந்தார்கள். கல்லூரித் தேர்வில் தோற்ற இளைஞன் அவன். ராவ் தம் கையிலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912-ல் துறைமுகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. இவர்கள் எல்லோரும் அலுவலகம் போய்க்கொண்டிருந்த மனிதர்கள். ஓர் இளைஞனை வளர்ப்பது தங்கள் பதவிக்குரிய வேலை இல்லை என்று அவர்கள் ஒதுங்கவில்லை. அதைத்தான் இங்கே பொறுப்பைப் பகிர்ந்துகொள்வது என்கிறோம்.

நம்பிக்கை ஒரு பிள்ளையை மாற்றுமா என்பதை அறிவியலும் சோதித்திருக்கிறது. அமெரிக்காவில் ராபர்ட் ரோசன்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் ஒரு தொடக்கப் பள்ளியில் நடத்திய ஆய்வு 1968-ல் நூலாக வந்தது. ஐந்தில் ஒரு பங்கு மாணவர்களைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்து, ‘இவர்கள் இந்த ஆண்டு நன்றாக மேலே வருவார்கள்’ என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஆண்டு முடிவில் அந்தப் பிள்ளைகள், குறிப்பாக முதல் இரண்டு வகுப்புகளில், மற்றவர்களைவிட அதிகம் முன்னேறியிருந்தார்கள். இந்த ஆய்வின் அளவுகளைப் பற்றிப் பின்னால் பெரிய விவாதம் நடந்தது. விளைவு அவ்வளவு பெரிது இல்லை என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் ஆசிரியரின் எதிர்பார்ப்பு வகுப்பறையில் வேலை செய்கிறது என்பதை யாரும் முழுதாக மறுத்துவிடவில்லை. எதிர்பார்ப்பவர் அதிக நேரம் காத்திருக்கிறார். கடினமான கேள்வியைக் கேட்கிறார். தவறிய விடையை விளக்குகிறார். மந்திரம் ஏதும் இல்லை, கூடுதல் உழைப்புத்தான் இருக்கிறது.

இதன் மறுபக்கம்தான் நம்மைக் கவலைப்பட வைக்க வேண்டும். ‘உனக்கு வராது’ என்பதும் வேலை செய்கிறது. ‘தோட்ட வேலைக்குப் போற புள்ளைக்கு இங்கிலீஷ் எதுக்கு’, ‘சீசனுக்கு லாட்ஜில நின்னா நாலு காசு பார்க்கலாம்’, ‘அந்த ஊர்ப் பசங்க படிக்க மாட்டாங்க’. இப்படிச் சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. வறுமையும் அனுபவமும் அப்படிச் சொல்ல வைக்கின்றன. ஆனால் மேல்மலையில் மன்னவனூர், கவுஞ்சி, பூம்பாறையிலும், கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமும் வளரும் பிள்ளை, பத்து வயதுக்குள் இந்த வாக்கியத்தை எத்தனை வாயிலிருந்து கேட்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பளியர், புலையர் குடியிருப்புப் பிள்ளைகள் இன்னும் அதிகம் கேட்கிறார்கள். எந்தச் செடி எந்தப் பாறை ஓரத்தில் எந்த மாதம் பூக்கும் என்பதைத் தாத்தாவிடம் கேட்டு அறிந்த பிள்ளை, தாவரவியல் வகுப்புக்குப் போய்ச் சேரவில்லை என்றால் குறை அந்தப் பிள்ளையிடம் இல்லை.

சட்டமும் அரசும் கதவுகளைத் திறந்திருக்கின்றன என்பதை மறுக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. கொடைக்கானலிலேயே 1984 முதல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. இல்லம் தேடிக் கல்வி 2021-ல். நான் முதல்வன் 2022-ல். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அதே ஆண்டில். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-ல். வெவ்வேறு ஆட்சிகள், வெவ்வேறு கட்சிகள் கொண்டுவந்தவை இவை. திறந்த கதவு வரை பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் ஆள் மட்டும் எந்தத் திட்டத்திலும் வர முடியாது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு விண்ணப்பத்தில் எதை நிரப்புவது என்பதிலிருந்து, முதல் தேர்வில் தோற்றால் ஊருக்குத் திரும்பி ஓடிவிடாமல் இருப்பது வரை, கேட்க ஓர் ஆள் வேண்டும். வீட்டில் அப்படி ஓர் ஆள் இல்லை என்றால் ஊரில் இருக்க வேண்டும்.

‘வயிறு காயும் பிள்ளைக்கு நம்பிக்கையை வைத்து என்ன செய்வது’ என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. பேருந்துக் கட்டணம், விடுதி, சத்தான உணவு இவற்றுக்கு நம்பிக்கை ஈடாகாது. இராமச்சந்திர ராவும் வெறும் பாராட்டோடு நிற்கவில்லை. மாதப் பணம் கொடுத்தார். ஆனால் பணம் வந்தும் படிப்பை விட்ட பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இரண்டும் சேர வேண்டும். ‘ஆசிரியர்கள் எதற்கு இருக்கிறார்கள்’ என்பவர்களும் உண்டு. ஐந்து வகுப்பை இரண்டு ஆசிரியர் பார்க்கும் மலைப்பள்ளியில், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக நேரம் ஒதுக்கச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநீதி. அவர்கள் தொடங்கிவைக்கலாம், தொடர வேண்டியது ஊர்.

யார் என்ன செய்யலாம்? பெற்றோரிலிருந்து தொடங்குவோம். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். கட்டடம், கழிப்பறை, தண்ணீர் பற்றிப் பேசும் அந்தக் கூட்டத்தில், ‘இந்த ஆண்டு பள்ளியை விட்டு நிற்கும் நிலையில் இருக்கும் பிள்ளைகள் யார், அவர்களோடு பேச யார் போவது’ என்பதும் ஒரு பொருளாக இருக்கட்டும். ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் ஒன்றிலாவது ஊரிலிருந்து படித்து வெளியே போனவர்களை அழைத்து, ஆளுக்கு ஒரு பிள்ளையோடு தொடர்பில் இருக்கும்படி கேட்கலாம். நர்ஸ், மின்வாரிய ஊழியர், வனக்காவலர், பட்டதாரி விவசாயி என்று எந்த ஊரிலும் நாலு பேர் இல்லாமல் இல்லை.

லாட்ஜ், ஹோம்ஸ்டே, உணவகம் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சீசனில் வரும் இளைஞரைப் பெட்டி தூக்க மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். கணக்கு எழுத, விருந்தினரிடம் பேச, முன்பதிவு பார்க்கக் கற்றுக்கொடுங்கள். படிக்கும் வயதுப் பிள்ளை என்றால் பள்ளிக்குத் திருப்பி அனுப்புங்கள். பூண்டும் கேரட்டும் பீன்ஸும் விளைவிக்கும் விவசாயிகளுக்கும் சொல்ல இருக்கிறது: கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது; அந்தப் பெயரைக் காப்பாற்றப் போவது அடுத்த தலைமுறை. விதைப்பூண்டு தெரிவு செய்வதையும் விலை பேசுவதையும் மகனுக்கு மட்டும் சொல்லித்தராமல் மகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். ஒரு பாத்தியை அவர்கள் பொறுப்பிலேயே விடுங்கள். பல்கலைக்கழகமும் வானாய்வகமும் அருங்காட்சியகமும் பார்வையாளர்களைச் சுற்றிக்காட்டுவதோடு நிற்காமல், மலைக் கிராமப் பிள்ளைகள் சிலருக்கு விடுமுறை நாட்களில் உண்மையான வேலை கொடுக்கலாம். ஒரு செடியை அழுத்திக் காயவைத்து, சீட்டில் தன் பெயரை எழுதிய பிள்ளை அந்த நாளை மறக்காது.

சில எச்சரிக்கைகளும் வேண்டும். முதல் மதிப்பெண் எடுக்கும் பிள்ளையையும், உறவுக்காரப் பிள்ளையையும், நம் சாதிப் பிள்ளையையும் நம்புவதற்கு எந்தப் பயிற்சியும் தேவையில்லை. கடைசி பெஞ்சில் இருப்பவரை, நம் தெருவில் வராதவரை நம்புகிறோமா என்பதே சோதனை. செய்த உதவியைச் சொல்லிச் சொல்லி அடிமையாக்குவதும், ‘நான் சொன்ன படிப்பைத்தான் படிக்க வேண்டும்’ என்று கட்டாயப்படுத்துவதும் வழிகாட்டுதல் ஆகாது. பிள்ளைகளோடு பழகுவது பெற்றோருக்கும் பள்ளிக்கும் தெரிந்து, நாலு பேர் பார்க்கும் இடத்தில் நடக்க வேண்டும். நல்லெண்ணம் என்ற பெயரில் யாரும் எல்லை மீறினால் 1098 என்ற எண்ணில் புகார் செய்ய ஊர் தயங்கக் கூடாது. பிள்ளை தோற்றால் கைவிடவும் கூடாது. தோல்விக்குப் பிறகு கொடுக்கும் இரண்டாவது வாய்ப்புத்தான் முதல் வாய்ப்பை நம்பத் தகுந்ததாக ஆக்குகிறது.

பழனி மலையில் குறிஞ்சி 2006-லும் 2018-லும் பூத்தது. அடுத்த முறை 2030. அப்போதும் வண்டிகள் வரிசையாக மலையேறும். எது குறிஞ்சி, ஏன் பன்னிரண்டு ஆண்டு, சோலையும் புல்வெளியும் எப்படி ஒன்றையொன்று காக்கின்றன என்று வருபவர்கள் கேட்பார்கள். விடை சொல்லும் ஆட்கள் வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. மேல்மலை, கீழ்மலைப் பிள்ளைகள் அந்த விடையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும், படித்த அறிவோடும் பாட்டன் தந்த அறிவோடும் சொல்ல முடியும். அதற்கான வேலையை நாம் இப்போதே தொடங்க வேண்டும்.

கட்சி வேறுபாடு, சமய வேறுபாடு, தெரு வேறுபாடு எதுவும் குறுக்கே வரத் தேவையில்லாத பொதுக் காரியம் இது. இதற்குத் தனி நிதியோ அரசாணையோ வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த தொழில் ஒன்று உண்டு; அதைக் கற்கக் காத்திருக்கும் பிள்ளை உங்கள் தெருவிலேயே உண்டு. இந்த வாரம் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, உண்மையான வேலை ஒன்றைக் கையில் கொடுங்கள். முடிந்ததும் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி நாலு பேரிடம் காட்டுங்கள்.